கோலுக்கு முன்னால் தேய்ந்த மண்

மகன்,

உனக்கும் நஸீராவுக்கும் அவளுடைய வீட்டார் எல்லாருக்கும் என்னுடைய ஸலாம். மழையில்லாத மாதங்களின் கச்சான் காற்று முன்வாசலால் நுழைந்து பின்கதவால் ஓடிக்கொண்டிருக்கிறது. கடதாசியின் ஒரு மூலையில் தண்ணீர்ச் செம்பையும் மறு மூலையில் என் முழங்கையையும் வைத்து அமுக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணிப் போயிருந்தால் பாதிக் குறையைக் காற்றுக்குக் கொடு, மீதியை என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்த என் வாப்பாவுக்குக் கொடு. இதைத் தனியே வாசித்து மடித்து வைத்துவிடாதே. நஸீராவுக்கு வாசித்துக் காட்டு. உன் மாமனாரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். இங்கே நானும் உன் கூட்டாளி ஜவ்பரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உங்கள் ஊரால் போகிற அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்துவிடுவேன். ஊருக்கு ஒளித்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டாய். கை கழுவும்போது, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஒன்று சொன்னாய்.

"பெரியும்மா, நான் மட்டைய வெச்சிட்டன். இனி ஹொக்கி இல்ல. அங்கயும் இல்ல, இஞ்சயும் இல்ல."

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு உன் பெரியவாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், "அல்லாஹ்வே, இவள் வாய மூடினத நான் இண்டைக்குத்தான் கண்டன்." அன்று மூடின வாயைத்தான் இன்று திறக்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

நம்முடைய பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. உன் பெரியவாப்பாவும் ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்தான். வந்த முதல் கிழமை முழுக்க எந்தச் சாமானையும் தொடாமல் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என் கோழிகள்கூட அவருடைய சொல்லைத்தான் கேட்கின்றன. உன் உம்மா, என் தங்கை, உன்னை என் மடியில் போட்டுவிட்டு மவுத்தாகிப் போனபோது உன் வாப்பாவும் வேறு ஊரில் பெண் முடித்து அந்த வீட்டுக்குப் போனார். அதையும் நான் குறையாகச் சொன்னதில்லை. ஆண்பிள்ளையைப் பெற்றாலும் வளர்த்தாலும் ஒருநாள் வாசலில் நின்று வழியனுப்பத்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் உனக்குச் சோறு ஊட்டினேன். ஆனால், மகன், உன்னோடு சேர்த்து, நீ காத்து நின்ற எங்கள் ஊர்க் கோலையும் அனுப்புகிறோம் என்பது எனக்கு மட்டுமல்ல, இந்த ஊரில் யாருக்கும் நினைவில் வரவில்லை. அதுவும் அட்டாளைச்சேனைக்கு! வேறு எந்த ஊரிடம் தோற்றாலும் நம் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு இறங்கும். அட்டாளைச்சேனையிடம் தோற்றால் இறங்காது.

உன் கல்யாணச் சாப்பாட்டில், எல்லாரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துக்கொண்டே பகிடி தொடங்கிவிட்டது. "அவங்க மாப்புள எடுத்தாங்களா, கோல்கீப்பர் எடுத்தாங்களா?" என்று ஒருவர் கேட்க, "ரெண்டும் ஒரே வெலைக்கு வந்திரிக்கி" என்று மற்றவர் சொல்ல, உன் மாமனார் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு இறைச்சியை உன் பக்கம் தள்ளிவிட்டார். "பந்து பிடிக்கிறத நிப்பாட்டச் சொல்ல மாட்டம். ஆனா எங்கட பக்கம் நிக்கோணும், அவ்வளவுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜவ்பர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் அணியின் கேப்டன் அவன். கல்முனை பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டி முடித்ததும் நேரே மைதானத்துக்கு வருகிறவன். சின்ன வயதிலிருந்து அவன் அடிப்பான், நீ தடுப்பாய்.

நீ மட்டையை வைத்துவிட்ட செய்தி அவன் காதுக்கும் போய், மறுநாள் காலையே ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"பெரியும்மா, நீங்க சொன்னா அவன் கேப்பான். சொல்லுங்களன்."

"என்னத்தச் சொல்லச் சொல்றாய் தம்பி?"

"எங்களோட வந்து நிக்கச் சொல்லுங்க. கல்யாணம் முடிச்சா என்ன, பஸ் இல்லையா? அவங்களுக்கு நிண்டானெண்டா நான் எப்பிடி அவனுக்கு அடிக்கிற? கால் வருமா எனக்கு?"

"கால் ஏன், நீ மட்டையாலதானே அடிக்கிறாய்?"

"பகிடி உடாதீங்க பெரியும்மா."

அவனுடைய கண் கலங்கியிருந்ததைக் கண்டு நானும் பகிடியை நிறுத்தினேன். போகும்போது, வேலியில் காயப்போட்டிருந்த நீ காலில் கட்டுகிற பேட் சோடியைப் பார்த்தான். "அதாச்சும் எங்களுக்குத்தானே?" என்று கேட்டான். நான் பேட்டை மறுபக்கம் புரட்டிப் போட்டேன். ஒரே கிழமையில் இரண்டு தரம் வாய் மூடியிருக்கிறேன் என்றால் விளங்கிக்கொள்.

இந்தக் கச்சான் மாதங்கள் எனக்கு எப்போதும் கொஞ்சம் நோன்பு மாதிரிதான். மழையில் புல் முளைத்து, மண் இளகி, மைதானம் உயிரோடு இருக்கிற காலத்தில்தான் ஹொக்கி. வெயில் ஏறிவிட்டால் நிலம் வெடித்துப் பாறையாகிவிடும், பந்து எகிறி முகத்துக்கு வரும், மட்டைகளை எல்லாரும் பரணில் சொருகிவிடுவார்கள். அந்த அமைதி எனக்குப் பழகுவதே இல்லை. பின்வளவில் தென்னை மட்டை விழுந்தால் "அடிச்சான்!" என்று எழும்புகிறேன். உன் பெரியவாப்பா சொல்கிறார், "கோலா புள்ள, வெளியாலயா?" ஒரு விளையாட்டில் பைத்தியமாக இருக்கிறவர்கள் அது இல்லாத காலத்தில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொழுது முடித்து தஸ்பீஹ் உருட்டும்போதுகூட, அல்லாஹ் மன்னிக்கணும், நடுவில் ஒரு பந்து வந்துவிடுகிறது.

என்னை இதில் மாட்டிவிட்டதே நீதான். மஃரிபுக்கு முன்னால் உன்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று மைதானத்தை ஒட்டின பின்வேலிக்குப் போவேன். ஒருநாள் வேலியின் தென்னங்கிடுகை ஒதுக்கி, கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு பேர் ஓடுகிறார்கள், ஒரு சின்ன வெள்ளைப் பந்து அத்தனை கால்களுக்கும் நடுவால் எலிக்குஞ்சு மாதிரி போகிறது, ஒருவன் அதைத் தொட்டும் தொடாமலும் மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு வளைகிறான். இறைவன் மனிதனுக்கு வயலில் குனியவும் வலை இழுக்கவும் மட்டும் முதுகைக் கொடுக்கவில்லை, இதற்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிடுகு திரும்ப மூடவில்லை. "வேலியில இரிக்கிற ஓட்டை ஆடு போட்டதா, நீ போட்டதா?" என்று உன் பெரியவாப்பா கேட்டார். ஆட்டின் மேல் பழியைப் போட மனம் வரவில்லை. நான்தான் என்றேன்.

நீ கோலுக்கு நிற்கத் தொடங்கியபோது எனக்குப் பயமாகிவிட்டது. கல் மாதிரிப் பந்து. ஊரில் யாரிடமும் நல்ல பேட் இல்லை. உன் உம்மாவின் பழைய மெத்தையைப் பிரித்து, இலவம் பஞ்சை வெயிலில் அடித்துக் காயவைத்து, நெல் காயப்போடும் படங்கின் துண்டில் திணித்து, நானே தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். பஞ்சு மழைக்காலத்தில் பிணைந்து கட்டியாகிவிடும். அதனால் ஒவ்வொரு கச்சானிலும் பிரித்து, உதறி, காயவைத்து, திரும்பத் தைக்க வேண்டும். ஹொக்கி இல்லாத காலத்தில் எனக்கு இருக்கிற ஒரே ஹொக்கி அதுதான். உன் உம்மா உன்னைப் படுக்கவைத்த பஞ்சு, மகன். அவள் உன்னுடைய காலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. ஆலிம்சாவிடம் கேட்டால் ஏசுவார். கேட்கவில்லை.

நீ மறந்திருக்க மாட்டாய், அட்டாளைச்சேனை ஆட்கள் இங்கே வந்து விளையாடிய அந்தப் பின்னேரம். பிரச்சினைக் காலம், இருட்டுவதற்குள் அவர்கள் தடை முகாம்களைத் தாண்டி ஊர் சேர வேண்டும். அதனால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். முடியப்போகிற நேரத்தில் நமக்கு எதிராகப் பெனல்டி. அவர்களுடைய நெட்டை ஆள் ஒருவன் பந்தை வைத்துவிட்டு நின்றான். நீ மட்டும் தனியாக, எங்கள் வேலிப் பக்கத்துக் கோலில். மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை சனமும் மூச்சை அடக்கியது. கடல் இரைகிற சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனையோ வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், மைதானத்திலிருந்து கடல் கேட்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அவன் அடித்ததை நான் காணவில்லை. அடித்துவிட்டான் என்று என் கண் எனக்குச் சொல்வதற்கு முன்னாலேயே உன் இடது கால் போயிருந்தது. 'டொப்' என்று ஒரு சத்தம். பஞ்சில் பட்ட பந்து செத்த மாதிரி உன் காலடியில் கிடந்தது. அந்தக் காலுக்கு யார் சொன்னது? நீயே யோசித்திருக்க நேரமில்லை. நினைப்பு பிறப்பதற்கு முன்னால் அசைகிற ஒன்றை மனிதனுக்குள் வைத்தவன் எவ்வளவு பெரியவன்! "ஸுப்ஹானல்லாஹ்" என்று நான் கத்தியது மைதானத்துக்கே கேட்டிருக்கும். உன் மாமனார் அன்று அவர்களுடைய பக்கத்தில் நின்றவர், மாப்பிள்ளை கேட்டு வந்தபோது என்னிடமே சொன்னார்: "எங்கட பந்தத்தான் மறிச்சான். ஆனாலும் அது ஆர்ர புள்ள எண்டு நான் அப்பவே கேட்டன்." தோற்ற ஆத்திரத்திலும் எதிரியின் பிள்ளையைப் பார்த்து வியக்கத் தெரிந்த மனிதர். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் இந்தச் சம்பந்தத்துக்கு ஓம் என்றேன்.

இன்னொன்றையும் உனக்கு நினைவுபடுத்துகிறேன், சிரிக்க. போன வருடத்துக்கு முந்தின வருடம், மாவடிப்பள்ளி வயலில் வெட்டின நெல்லில் விதைக்கு எடுத்து வைத்ததை, மைதானம் சும்மாதானே கிடக்கிறது என்று கோலுக்கு முன்னால் படங்கு விரித்துக் காயப்போட்டேன். கச்சான் ஒரு அடி அடித்துப் படங்கைப் புரட்டிவிட்டது. கூட்டி அள்ளினேன், வெடிப்புக்குள் போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். முதல் மழை பெய்து நீங்கள் மட்டைகளோடு வந்து பார்த்தால், கோலுக்கு முன்னால் பச்சைப் பசேலென்று பயிர்! ஜவ்பர் வேலிக்கு வந்து, "பெரியும்மா, ஒங்கட மகன் இனி மண்வெட்டியோடதான் நிக்கோணும். கோலுக்க வெள்ளாமை வந்திரிக்கி!" என்று கத்தினான். நெல்லை மிதிக்கக்கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். விளையாட்டு ஒரு நாள் நின்றது. கடைசியில் நீதான் குந்தியிருந்து, மண்ணோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் கிளப்பி, கிணற்றடியில் நட்டுத் தந்தாய். எத்தனை பேர் மிதித்து, அடித்து, பாறையாக்கின மண் அது. அதற்குள்ளும் ஒன்று மழைக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதனால்தான் இப்போது வெறுமையாகக் கிடக்கிற மைதானத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு நா வருவதில்லை.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜவ்பர் வந்துபோன மறுநாள் ஸுபஹுத் தொழுதுவிட்டு, படங்கு விரிக்க இடம் பார்ப்பதற்கு மைதானத்துக்குப் போனேன். ஒரு காக்கைகூட இல்லை. கோலுக்கு முன்னால் என் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. குனிந்து பார்த்தேன். நீ நிற்கிற இடம். பயிற்சியெல்லாம் எங்கள் வேலிப் பக்கத்துக் கோலில்தானே, வருடக்கணக்காக நின்று நின்று, இரண்டு பாதத்துக்கும் மண் தேய்ந்து பதிந்து போயிருக்கிறது. என்னுடைய தொழுகைப் பாயிலும் நெற்றி படுகிற இடத்தில் பன் புல் இப்படித்தான் மெலிந்திருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே எண்ணத்தோடு நிற்கிறவர்களின் அடையாளம் ஒன்றுதான் போலும்.

பிறகு நான் செய்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் நானே ஏறி நின்றேன். முந்தானையை இறுக்கிக்கொண்டு, முதுகைக் கோலுக்குக் கொடுத்து நிமிர்ந்து பார்த்தேன். யா அல்லாஹ்! வேலி ஓட்டையால் பார்க்கும்போது அந்தக் கோல் ஒரு வாசல் கதவளவுதான் தெரியும். உள்ளே நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் கைக்கு எட்டாத வெளி. முன்னால் அந்தம் தெரியாத மைதானம். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவே இல்லை, மகன். என் வீடு, என் வேலி, என் ஊர், ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு வருடம் நீ எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்திருந்தேன். கோலுக்கு நிற்கிறவன் ஊரைப் பார்ப்பதில்லை. வருகிற பந்தை மட்டும்தான் பார்க்கிறான். பின்னால் இருக்கிறது எதுவானாலும் அது அவனிடம் ஒப்படைத்த அமானத்.

அந்த நேரம் பார்த்து உன் பெரியவாப்பா படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன புள்ள, மகன் போன இடத்துக்கு நீ சேந்திட்டியா?"

"பந்து ஒண்டு எடுத்து வாங்க, பாப்பம்" என்றேன்.

"வேணா வேணா. நீ மறிச்சிப் போட்டாயெண்டா மறுகா ஊரில எனக்குத் தலை காட்டேலாது."

படங்கை விரிக்கும்போது அவராகவே ஒன்று சொன்னார். சிரிக்காமல் சொன்னார். "நான் இந்த வீட்டுக்கு வந்த நாளையில, எங்கட ஊரானும் ஒங்கட ஊரானும் வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை புடிச்சாங்க. எந்தப் பக்கம் நிக்கிறண்டு தெரியாம நான் ரெண்டு பக்கமும் போகாம வீட்டுக்குள்ள படுத்துக் கிடந்தன். அப்ப ஒன்ட வாப்பா வந்து, 'மருமகன், எங்க நிண்டாலும் நிமிந்து நில்லுங்க. படுத்துக் கிடக்கிறவன ரெண்டு ஊரும் மதிக்காது' எண்டாரு." இத்தனை வருடத்தில் எனக்கே சொல்லாத கதை அது. உனக்காகத்தான் சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்.

ஆகவே, மகன், நீ படுத்துக் கிடக்காதே. ஜவ்பருக்கு எதிராக நிற்க வேண்டி வருமே, பெரியும்மா வேலிக்குப் பின்னால் நின்று பார்ப்பாளே என்று யோசித்துத்தான் நீ மட்டையை வைத்தாய், எனக்குத் தெரியும். உன் மனது உன் உம்மாவின் மனது. ஆனால் அந்த இடது காலை உனக்குள் வைத்தது நானோ ஜவ்பரோ இல்லை. வைத்தவன் கேட்பான். பரணில் சொருகி வைத்தேன் என்றா அவனிடம் சொல்வாய்? நஸீராவின் சோற்றைத் தின்கிறாய், அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறாய், அந்த ஊர்க் கோலுக்கு நில். நின்றால் முழுதாக நில். நம் பிள்ளைகள்தானே என்று ஒரு பந்தையாவது இரங்கி விட்டாயோ, அந்த வருடப் பெருநாளைக்கு என் கையால் உனக்கு வட்டிலப்பம் கிடையாது. அது ஜவ்பருக்கும் செய்கிற அவமானம். அவன் அடிக்கிற அடிக்கு மரியாதை, நீ உயிரைக் கொடுத்து அதைத் தடுப்பதுதான்.

இந்த இடம் வரைக்கும் ஜவ்பருக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டோச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டான். பிறகு, "அப்ப சரி பெரியும்மா. இடது காலப் பாத்து அடிக்க மாட்டன் எண்டு மட்டும் அவனுக்கு எழுதுங்க. வலப் பக்கந்தான் அவன் கொஞ்சம் சொணங்குவான்" என்றான். எழுதிவிட்டேன். ஆறிப்போன தேநீரையும் குடித்துவிட்டுப் போனான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு உரப் பை வரும். அதற்குள் உன்னுடைய பேட் சோடி இருக்கிறது. பஞ்சை அடித்து, காயவைத்து, வலப் பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் திணித்துத் தைத்திருக்கிறேன். அடுத்த கச்சானிலிருந்து அதை நஸீரா பிரித்துத் தைக்கட்டும். ஓதி ஊத வேண்டிய இடங்களை நேரில் வரும்போது அவளுக்குக் காட்டித் தருகிறேன். உன்னுடைய கல்யாண மெத்தைக்கு வாங்கினதில் மிஞ்சின இலவம் பஞ்சு இங்கே இருக்கிறது. அதில் இன்னொரு சோடி தைத்துக்கொண்டிருக்கிறேன். பேக்கரியில் வேலை செய்கிற ரியாஸ்தான் இனி எங்களுக்குக் கோலுக்கு நிற்கப் போகிறான். நேற்று வந்து அளவு கொடுத்தான். பயந்துபோய் இருக்கிறான், பாவம். அவனுக்கும் ஒவ்வொரு தையலுக்கும் ஓதித்தான் ஊதுகிறேன், ஒன்றும் குறைக்கவில்லை.

மழை விழுந்து மண் இளகினால் முதல் போட்டிக்கு அட்டாளைச்சேனை இங்கேதான் வரும் என்கிறார்கள். முதல் பாதியில் ரியாஸ் எங்கள் வேலிப் பக்கம் நிற்பான், நீ தூரத்தில் நிற்பாய். என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவீர்கள் அல்லவா? அந்தப் பள்ளத்தை மூட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே நெல்லும் காயப்போடவில்லை. எந்த ஊருக்காக வந்தாலும் நீ வந்து நிற்கப் போவது அதில்தான். ஜவ்பர் பந்தோடு வரும்போது, அவன் நன்றாக அடிக்கட்டும் என்று ஒரு துஆ கேட்பேன், நீ தடுக்க வேண்டும் என்று ஒரு துஆ கேட்பேன். இரண்டையும் கேட்கிறவன் ஒருவன்தான், அவன் தீர்த்துக்கொள்ளட்டும்.

நீ திரும்பிப் பார்க்காதே. வேலிக்குப் பின்னால் நான்தான் நிற்பேன்.

உன் பெரியும்மா